திரைக்கு இந்தப் பக்கம் நின்ற வாய்

மச்சி,

இன்று காலையில் என் மனைவி பரீதா என் வாயில் ஒரு கராம்பைத் திணித்தாள். நாலைந்து நாளாக எனக்கு இருமல். "டொக்டரிட்டப் போங்க எண்டா போறல்ல, இதையாவது கடிங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கடித்தேன். காரம் நாக்கில் ஏறி மணம் மூக்கைத் தொட்ட அந்தக் கணத்தில், "அஸ்ஸலாமு அலைக்கும், அன்பான தாய்மாரே, சகோதரிகளே" என்று என் வாய் தானாகத் தொடங்கிவிட்டது. "வஅலைக்குமுஸ்ஸலாம்! மைக் இல்லாமலே தொடங்கிட்டாரு" என்றாள் உங்கள் கூடப்பிறந்த ராத்தா அடுப்படியிலிருந்து. இரண்டு பேரும் சிரித்தோம்.

மற்றவர்களுக்குக் கராம்பு புரியாணிக்குப் போடுகிற சாமான். எனக்கு அது உங்கள் பயான், உங்கள் மார்க்கப் பேச்சு. நீங்கள் பேசத் தொடங்கும் முன் திரைக்குக் கீழால் ஒரு சோசர் நகர்ந்து வரும். அதில் ஒரேயொரு கராம்பு கிடக்கும். "தொண்டைக்கு மச்சான்" என்று குரல் வரும். பேசப்போவது நீங்கள், மருந்து எனக்கு. அது ஏன் என்று தெரியாதவர்கள் இந்த மடலை வாசித்தால் குழம்புவார்கள். ஆகையால் தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன். எழுத்து வேலை எனக்கு ஒத்துவராது என்பது உங்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியாரும் நானும் ஒருவரையொருவர் கைவிட்டோம்.

நான் உங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது என்னிடம் ஒரு சூட்கேஸும் ஒரு சைக்கிளும் இருந்தன. நம்முடைய பக்கத்தில் அதுதானே வழக்கம். வீடு பெண்ணுக்கு. வாப்பா மகளுக்காக வளவில் கட்டி, மகள் பெயரில் எழுதி வைப்பார். மாப்பிள்ளை வந்து குந்துவார். சண்டை வந்தால் "வெளியே போ" என்று சொல்ல அவருக்கு வாயில்லை. அவர்தான் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போக வேண்டும். நானும் இரண்டொரு தடவை ரோஷத்தோடு போயிருக்கிறேன். என் உம்மா வாசலில் நின்றுகொண்டு "சாப்பிட்டுட்டுப் போ மனே" என்பார். "வந்து இரு" என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அப்போது நீங்கள் சிறு பிள்ளை. என் சைக்கிள் பாரில் ஏறிப் பள்ளிக்கூடம் வருவீர்கள். வழியெல்லாம் கேள்வி.

"மச்சான், கடலுக்கு அங்கால என்ன?"

"கடல்தான்."

"அதுக்கும் அங்கால?"

"சும்மா இரிகா, சைக்கிள் ஆடுது."

என் படிப்பின் எல்லையை அந்த வயதிலேயே நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். பிறகு உங்களைத் தூரத்துப் பெண்கள் மத்ரஸாவில் சேர்த்தார்கள். வருஷங்கள் போயின. நீங்கள் ஓதி முடித்து, மார்க்கம் கற்ற ஆலிமாவாகத் திரும்பிய அன்று நான் மாம்பழப் பையோடு வீட்டுக்குள் பாய்ந்து வந்தேன். ஹோலுக்கும் அறைக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை தொங்கியது. அதற்குப் பின்னாலிருந்து, "அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான், சுகமா இரிக்கீங்களா?" என்று ஒரு பெரிய மனுஷியின் குரல்.

"இது ஆரு?" என்றேன் பரீதாவிடம்.

"நம்மட தங்கச்சிதான். இனி அவ ஆலிமா. நீங்க அந்நிய ஆம்புள."

"நானா? சைக்கிள்ல ஏத்தி எறக்கினவன் அந்நிய ஆம்புளயா?"

திரை சிரித்தது. "சைக்கிளுக்கு ஜஸாகல்லாஹ் மச்சான். மாம்பழத்தக் கீழால தள்ளுங்க."

அன்றிலிருந்து நான் உங்களை 'நீ' என்று கூப்பிடவில்லை. உங்கள் முகத்தையும் பார்க்கவில்லை. உங்களுக்கு மாப்பிள்ளை வந்தார், கட்டாருக்குப் போனார், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போனார். வாவிக்கரையில் இருந்த உங்கள் வீட்டின் முன்பாதியைப் பெண் பிள்ளைகளுக்கு மத்ரஸாவாக்கினீர்கள். ஓட்டோக்காரனான எனக்கு அந்த வீட்டில் ஒரு கதிரை, திரைக்கு இந்தப் பக்கம். பத்திரிகைச் செய்தி நான் வாசிப்பேன், விளக்கம் நீங்கள் தருவீர்கள். எதை வாசித்தாலும் பாதியில், "மச்சான், அந்த வசனத்த இன்னொருக்கா" என்பீர்கள். நான் அவசரத்தில் விழுங்கிய வசனம் எதுவோ அதையே சரியாகப் பிடிப்பீர்கள்.

கடல் சுனாமியாக வந்த ஞாயிற்றுக்கிழமை பரீதாவும் மகள் சஹ்ராவும் உங்கள் வகுப்பில் இருந்தார்கள். அதனால்தான் உயிரோடு இருக்கிறார்கள். நான் சந்தியில் ஓட்டோவோடு நின்றேன். சனம் ஓடி வந்த திசைக்கு எதிர்த் திசையில் ஓட்டோவைத் திருப்பினேன் என்று பிறகு ஊரில் பெருமையாகச் சொன்னார்கள். உண்மையில் பயத்தில் எனக்குத் திசை தெரியவில்லை. கடற்கரைப் பக்கம் இருந்த பரீதாவின் வீடு கழுவித் துடைத்த கோப்பை போலாகிவிட்டது. சீமெந்துத் தரை மட்டும் வெயிலில் மினுங்கியது.

அடுத்த நாட்களில் நீங்கள் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் பின்னால் சேலைகளைத் திரையாகக் கட்டி, இறந்த பெண்களின் ஜனாஸாக்களைக் குளிப்பாட்டினீர்கள். உங்களோடு உங்கள் மாணவிகள் இருந்தார்கள். தண்ணீர் அள்ளித் திரைக்கு இந்தப் பக்கம் வைப்பது என் வேலை. வாளி நிரம்பிப் போகும், வெறுமையாக வரும். அதைப் பற்றி நாம் பிறகு ஒருபோதும் பேசவில்லை. இங்கேயும் அதற்கு மேல் எழுதமாட்டேன்.

கூடாரத்தில் இருந்தோம், தகரக் கொட்டிலில் இருந்தோம். கடைசியில் வாவிப் பக்கம் வீட்டுத்திட்டம் ஒன்று கட்டினார்கள். எங்களுக்கும் ஒரு வீடு. சாவியைத் தந்தார்கள், உறுதிப் பத்திரம் பிறகு என்றார்கள். வீட்டுக்கு உரியவர் என்ற இடத்தில் குடும்பத் தலைவர் பெயர் இருந்தது. அது நான்!

மச்சி, அந்த நாட்களில் என் நடையே மாறிப்போனதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பிறந்தது உம்மாவின் வீட்டில், வாழ்ந்தது மனைவியின் வீட்டில். வாழ்க்கையில் முதல் தடவையாக என் பெயரில் ஒரு வீடு. டவுனுக்குப் போய் எம்.ஐ. சலீம் என்று கறுப்புப் பலகையில் பொன் எழுத்தில் எழுதுவித்து வந்து முன்சுவரில் அடித்தேன். 'இந்த வீட்டில்' என்று தொடங்கும் வசனங்களாகப் பேசினேன். இந்த வீட்டில் செருப்பு வெளியே. இந்த வீட்டில் மீனுக்கு மாங்காய் போட வேண்டும். ஒரு நாள் நீங்கள் வந்திருந்தீர்கள். அறைக் கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மச்சான், காலையில இருந்து 'இந்த வீட்டில்' எண்டு சொல்லிட்டே இரிக்கீங்க. வீட்டுக்குக் கேட்டிரிக்கும். ஒண்டு கேக்கட்டா?"

"கேளுங்க."

"கடல் எடுத்தது யார்ட வீடு?"

"பரீதாட."

"திருப்பித் தந்தது யாருக்கு?"

"எனக்கு."

"அது எப்படி?"

"நான்தானே குடும்பத் தலைவர்."

"தலைவரே, பிளேன்டி ஆறுது, குடிங்க" என்றீர்கள். பரீதா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

அது சிரிப்புக் கதையாகவே முடிந்திருக்கும், இரண்டு வீடு தள்ளி நூர்ஜஹானின் புருஷன் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால். ஏதோ கறிச் சண்டை. அவன் அவளைப் பார்த்து, "என்ட வீட்ட உட்டு வெளிய போ" என்றான். நம்முடைய ஊரில் ஒரு ஆண் மனைவியைப் பார்த்து அந்த வசனத்தைச் சொல்லி நாங்கள் அதுவரை கேட்டதில்லை. சொல்வதற்கு அவனுக்கு வீடு இருந்ததில்லை. நூர்ஜஹானின் உம்மாவும் இல்லை, உம்மாவின் வீடும் இல்லை, இரண்டையும் கடல் எடுத்திருந்தது. அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு உங்கள் திரைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள். அன்று உங்கள் குரலில் சிரிப்பு இல்லை.

"மச்சான், இது ஒருத்திட பிரச்சின இல்ல. உறுதி ஆம்புளயள்ட பேர்ல வந்துட்டா ஊர்ல உள்ள எல்லாப் பொம்புளயளும் ஒரு கறிச் சண்டையில நடு ரோட்டுக்கு வரலாம். உறுதி எழுதிறதுக்கு முன்ன மாத்தணும்."

நீங்கள் பிரதேச செயலகத்துக்கு எழுதினீர்கள். பதில் இல்லை. பெண்களைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். குடும்பத் தலைவர் என்றால் கணவர்தான், மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார்கள். மேலிடம் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

அப்போதுதான் கிழக்கில் போரின் துவக்குச் சத்தம் கொஞ்சம் அடங்கி எலக்சன் வந்தது. வேட்பாளர் ஒருவர் உங்கள் மத்ரஸா வாசலில் வந்து நின்றார். ஊரில் பாதி வாக்கு பெண்களுடையது, பெண்கள் கேட்பது உங்கள் பேச்சை என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஆலிமா இரண்டு வார்த்தை சொன்னால் போதுமாம். நீங்கள் திரைக்குப் பின்னாலிருந்து, "கூட்டத்துக்கு வாறன். ஒங்களுக்கு வோட் கேக்க மாட்டன். ஒங்களிட்ட வீடு கேப்பன். எல்லாருக்கும் முன்னால பதில் சொல்லணும்" என்றீர்கள். அவர் சம்மதித்தார். பெண்கள் கேட்பதற்கெல்லாம் தலையாட்டிப் பழகியவர் போலிருந்தது.

பள்ளிவாசல் தலைவர் ஹாஜியாருக்குத்தான் கவலை. நல்ல மனிதர், ஆனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதிலேயே முடி நரைத்தவர். "ஆலிமாட அறிவில எனக்குச் சந்தேகமில்ல" என்றார். "நபிகள்ட மனைவி ஆயிஷா நாயகி திரைக்குப் பின்னால இரிந்து ஆம்புளயளுக்கே படிப்பிச்சவங்க, அதுவும் தெரியும். மைக்தான் பிரச்சின. சத்தம் ரோட்டுக்குப் போகும். ஆக்கள் கதைப்பாங்க."

நீங்கள் வாதாடவில்லை. "சத்தம்தானே ஹாஜியார்? பெருநாள் தொழுகையில பின்வரிசைக்குக் கேக்காட்டி, நடுவில ஒருத்தர் நிண்டு இமாம்ட தக்பீரத் திருப்பிச் சத்தமாச் சொல்றல்லையா? அதப்போல நான் திரைக்குள்ள சொல்றன். எங்கட மச்சான் மைக்ல திருப்பிச் சொல்லட்டும். அவர்ட சத்தம் ரோட்டுக்குப் போனாக் குத்தமா?"

ஹாஜியார் என்னைப் பார்த்தார். "அவன்ட சத்தம் எப்பவும் ரோட்டுலதானே கிடக்கு" என்றார். அப்படி நான் உங்கள் வாயானேன். என் தகுதி என்னவென்று கேட்டால் தொண்டைதான். ஓட்டோ ஹோன் பழுதாகிப் பல மாதம் வாயாலேயே சமாளித்தவன்.

கூட்டத்துக்கு முன் நீங்கள் தந்த பயிற்சி ஒரே வசனம். "மச்சான், நான் சொல்றத அப்படியே சொல்லணும். கூட்டவும் கூடா, குறைக்கவும் கூடா. யோசிக்கவும் வேணாம்."

"யோசிக்காமச் சொல்ற வேலதானே, அது எனக்கு வரும்" என்றேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டுத்திட்டத்து வெட்டவெளியில் கூட்டம். உங்கள் மத்ரஸாவின் பச்சைத் திரையைக் கழற்றி வந்து என் ஓட்டோவுக்கும் லைட் கம்பத்துக்கும் நடுவே கட்டியிருந்தோம். அந்தப் பக்கம் பாய்களில் பெண்கள். இந்தப் பக்கம் கதிரைகளில் ஆண்கள், முன்வரிசையில் வேட்பாளரும் ஹாஜியாரும். நான் திரையோரம் மைக்கோடு. சோசர் வந்தது. கராம்பைக் கடித்தேன்.

முதல் கொஞ்சம் நன்றாகப் போயிற்று. ஸலாம், புகழ், முன்னுரை எல்லாம் ஒரு பெரிய மௌலவியைப் போல முழங்கினேன். என் தமிழ் இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று எனக்கே ஆச்சரியம். அந்தப் பெருமிதத்தில் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துவிட்டேன். உள்ளேயிருந்து நீங்கள் மெதுவாக, "மச்சான், மைக்கத் தூரப் புடிங்க, மூச்சுக் கேக்குது" என்றீர்கள்.

நான் கம்பீரமாகச் சொன்னேன்: "மச்சான், மைக்கத் தூரப் புடிங்க, மூச்சுக் கேக்குது!"

கதிரைகள் குலுங்கின.

"ஐயோ, அதச் சொல்லாதீங்க!"

"ஐயோ, அதச் சொல்லாதீங்க!"

ஹாஜியார் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார். பாய்ப் பக்கம் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரிப்பது திரையில் அலையாகத் தெரிந்தது. அந்தச் சிரிப்பு அடங்கும் வரை நீங்கள் பொறுத்திருந்தீர்கள். பிறகு வீட்டுக் கதையை எடுத்தீர்கள்.

"கடல் எடுத்த வீடுகள் யார்ட பேர்ல இரிந்திச்சு? ஒங்கட உம்மாமார்ட பேர்ல, ராத்தாமார்ட பேர்ல. பொம்புளட சொத்து பொம்புளக்குத்தான் எண்டு மார்க்கம் சொல்லுது. புருஷனுக்கும் அதில கை வைக்க ஏலாது. கதீஜா நாயகி வியாபாரம் செஞ்சது அவங்கட சொந்தச் சொத்துல. இழந்தவளுக்குத் திருப்பிக் குடுக்கிறதுதான் நீதி. நாங்க புதுசா ஒண்டும் கேக்கல்ல."

நான் அப்படியே சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். நூர்ஜஹானின் புருஷன்தான். "சீதனம் வாங்கப்படாது, மாப்பிளமார் வீடு கேக்கப்படாது எண்டு வருஷக் கணக்கா பயான் பண்ணினதும் இதே ஆலிமாதானே? இப்ப மட்டும் வீடு பொம்புளக்கு வேணுமா?" என்றான். நல்ல கேள்வி என்று எனக்கே தோன்றியது. மாட்டிக்கொண்டோமே என்று திரையைப் பார்த்தேன்.

நீங்கள் ஒரு மூச்சுகூட எடுக்கவில்லை. "கேட்டு வாங்குறது கூடாது எண்டு சொன்னன். இப்பவும் சொல்றன். அவளிட்ட இரிக்கிறத எடுத்து ஒங்கட பேர்ல எழுதலாம் எண்டு எப்ப சொன்னன்? வீடு கேட்ட மாப்பிளக்கே அது கூடாது எண்டா, கேக்காம எடுத்த மாப்பிளக்குக் கூடுமா?"

இதைத் திருப்பிச் சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சொன்னது நான் இல்லை என்று தெரியும். ஆனாலும் அவன் உட்கார்ந்தது என் குரலுக்குத்தானே.

வேட்பாளர் எழுந்து, பார்க்கலாம், குழு ஒன்று அமைக்கலாம், எல்லாத் தரப்பையும் கலந்து பேசலாம் என்றார். நீங்கள் உள்ளே யாரிடமோ தணிந்த குரலில், "இவர் வழுக்குறாரு" என்றீர்கள்.

"இவர் வழுக்குறாரு!" என்று வாவிக்கரை வரை கேட்க முழங்கினேன்.

இந்தத் தடவை ஆண்களும் கைதட்டினார்கள். மனிதர் வியர்த்துப்போனார். "நான் வழுக்கல்ல!" என்றார். "வீட்டுக்கார ஆம்புளயள் சம்மதிச்சா, நானே செயலகக் கந்தோருக்கு வந்து நிண்டு பொம்புளயள்ட பேர்ல எழுதித் தாறன். ஆரு சம்மதிக்கிறது? ஒரு ஆளக் காட்டுங்க பாப்பம்!"

அது தந்திரமான பேச்சு. யாரும் எழும்பவில்லை. கதிரைகளில் எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். அந்த அமைதிக்குள் திரைக்குப் பின்னாலிருந்து உங்கள் குரல், தெளிவாக, நிதானமாக:

"முதல் ஆளா நான் சம்மதிக்கிறன்."

"முதல் ஆளா நான் சம்மதிக்கிறன்!" என்றேன், ஆலிமாவின் துணிச்சலை மெச்சிக்கொண்டே.

"எனக்குத் தந்த வீட்ட"

"எனக்குத் தந்த வீட்ட!"

"என்ட மனைவி பரீதாட பேருக்கு எழுதுங்க."

"என்ட மனைவி பரீதாட..."

பரீதாவில் வந்துதான் எனக்கு விளங்கியது. வாய் முன்னால் போய்விட்டது, நான் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். ஆனால் மைக் காத்திருந்தது. ஊர் காத்திருந்தது. அப்படியே சொல்லவேண்டும் என்பது வேறு. "பேருக்கு எழுதுங்க" என்று முடித்தேன். சத்தம் கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது. திரைக்குப் பின்னால் பெண்கள் கல்யாண வீடு போலக் குரவையிட்டார்கள். அதில் உங்கள் ராத்தாவின் குரவையை நான் தனியாகக் கேட்டேன்.

மறுநாள் காலையில் நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அறைத் திரைக்குப் பின்னால் கதிரை இழுபட்டது.

"மச்சான், கோவமா?"

"வீடில்லாதவனுக்கு என்ன கோவம்?"

"நான் ஒங்கட சம்மதம் கேக்காமச் சொல்ல வெச்சிட்டன். அது என்ட பிழை. மனசில்லாமச் சொன்னது வாக்கில்ல. நீங்க ஏலாது எண்டா நான் ஹாஜியாருக்கும் ஊருக்கும் சொல்றன், அது என்ட சொல்லு, மச்சான்ட இல்ல எண்டு. வீடு ஒங்கட பேர்லயே இரிக்கட்டும். பரீதா ராத்தாவும் ஒண்டும் சொல்ல மாட்டா."

"நான் கேக்காம அப்படியே சொல்லுவன் எண்டு எப்படித் தெரியும்?"

"மைக்கத் தூரப் புடிங்க எண்டதையே மைக்ல சொன்ன ஆள்தானே நீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். உண்மையைச் சொல்லவேண்டும், அந்தக் கதவை நீங்கள் திறந்துவிட்டபோது வெளியே போக எனக்கு ஆசை இருந்தது. முன்சுவரில் பொன் எழுத்துகள் வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே சஹ்ரா குந்தியிருந்து தன் பள்ளிச் சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தாள். பாயைச் சுருட்டிக்கொண்டு போன நூர்ஜஹானை நினைத்தேன். நாளைக்கு யாரோ ஒரு மாப்பிள்ளை என் மகளைப் பார்த்து அந்த வசனத்தைச் சொல்வதை நினைத்தேன். அவள் எந்த வாசலில் போய் நிற்பாள்?

"சொன்னது சொன்னதுதான் மச்சி" என்றேன். "ஆனா அடுத்த முற இப்படி ஏதும் இரிந்தா ரெண்டு கராம்பு வைங்க."

பலகையைக் கழற்ற ஸ்குரூ டிரைவர் எடுத்தபோது பரீதா விடவில்லை. "வீடு என்ட. என்ட வீட்டுச் செவுத்துல ஆர்ட பேரு இரிக்கணும் எண்டு நான்தான் சொல்லணும்" என்றாள். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது.

கந்தோரில் உறுதி எழுதும் அதிகாரி கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்துக் கேட்டார், "நல்லா யோசிச்சிங்களா?" "யோசிக்கல்ல சேர், மைக்ல சொல்லிட்டன்" என்றேன். நான் போட்ட கையெழுத்துக்குப் பிறகு எதிர்வீட்டுக்காரர் வந்தார், பிறகு மீன் வாடிக்காரர், பிறகு ஹாஜியாரின் மருமகன்கூட. எல்லோரும் வந்தார்கள் என்று எழுத ஆசைதான். வரவில்லை. சிலர் கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதினார்கள், சிலர் கடைசிவரை மறுத்தார்கள். வேட்பாளர் வென்றார், ஒரு தடவை கந்தோருக்கு வந்து நின்றார், பிறகு அவரை போஸ்டரில்தான் பார்த்தோம். நூர்ஜஹானுக்கு நீங்களும் ஹாஜியாரும் பேசிப் பேசி இருவர் பெயரில் முடித்துக் கொடுத்தீர்கள். அவள் பாயோடு வீட்டுக்குத் திரும்பினாள். இப்போது சண்டை வந்தால் அவன்தான் சூட்கேஸோடு போகிறான்.

வடக்கில் சண்டை முடிந்த வருஷம்தான் உறுதிகள் கைக்கு வந்தன. சண்டை முடிந்த செய்தி வந்த அன்று சந்தியில் சில இளைஞர்கள் வெடி வாங்கி வைத்திருந்தார்கள். நீங்கள் என்னைக் கூப்பிட்டு, "மச்சான், ஓட்டோவ எடுத்திட்டுப் போய்ச் சொல்லுங்க. அடுத்த தமிழ் ஊர்ல புள்ளயளப் பறிகுடுத்தவங்க அழுறாங்க. கடல் வந்த நேரம் நம்மளுக்குச் சோறு சமைச்சு அனுப்பின வீடுகள் அது. வெடி கொளுத்த வேணாம் எண்டு ஆலிமா சொல்றா எண்டு சொல்லுங்க" என்றீர்கள். போய் அப்படியே சொன்னேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. முணுமுணுத்தார்கள், ஆனால் கொளுத்தவில்லை.

அடுத்த எலக்சனில் நீங்களே நிற்கவேண்டும் என்று பெண்கள் உங்கள் திரையைப் பிடித்து இழுக்காத குறை. "நிண்டா போஸ்டர்ல யார்ட படம் போடுற? மச்சான்ட படத்தப் போட்டா ஒரு வோட்டும் வராதே" என்று தட்டிக்கழித்தீர்கள். ஆனால் ஊரில் எந்த வேட்பாளரும் உங்கள் திரைக்கு முன்னால் வந்து உட்காராமல் தேர்தலில் இறங்கவில்லை. பள்ளிவாசலுக்கு வரும் குடும்பப் பிணக்குகளை ஹாஜியார் உங்களிடம் அனுப்பினார். பகிரங்கமாக இல்லை. "கொஞ்சம் அந்த ஓட்டோக்காரனிட்டக் கேட்டு வாங்க" என்பார். ஊருக்கே தெரியும் யாரிடம் கேட்பது என்று.

போன நோன்புக்கு முன்னால் சிறுநீரக வியாதி உங்களைக் கொண்டுபோயிற்று. கடைசியிலும் நான் திரைக்கு இந்தப் பக்கம்தான். உங்கள் மாணவிகள் குளிப்பாட்டினார்கள், நான் தண்ணீர் வைத்தேன். உங்களைக் கிடத்திய சந்தூக்கின் ஒரு மூலையைத் தோளில் ஏற்றியபோது, சைக்கிள் பாரில் இருந்ததைவிடப் பாரமில்லை என்று தோன்றியது. அன்று உங்களுக்காக துஆ ஓதுவதற்குக்கூட என் வாய் வரவில்லை. நீங்கள் சொல்லித் தராமல் அதற்கு என்ன தெரியும்?

உங்களுக்கு ஒரு செய்தி. சஹ்ரா இப்போது பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் பிரதேச சபைக்குத் தெரிவாகியிருக்கிறாள். உங்கள் மத்ரஸாவில் ஓதியவள், பேச்சும் உங்களைப் போலத்தான். எதிராளி உட்காரும் வரை விடமாட்டாள். போன கிழமை அதே வீட்டுத்திட்டத்து வெளியில், வடிகான் பிரச்சினை பற்றிக் கூட்டம். அவள் மைக்கைத் தானே கையில் எடுத்துப் பேசினாள். நடுவில் யாரும் நிற்கவில்லை. முன்வரிசையில் ஹாஜியார், கைத்தடியோடு, தலையை ஆட்டிக்கொண்டு. நான் ஓட்டோவில் சாய்ந்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஹாஜியார் திரும்பி என்னைப் பார்த்து, "சலீம், நீ சும்மா இரி. மைக் வேல செய்யுது" என்றார். அப்போதுதான் தெரிந்தது, மகள் சொன்ன ஒவ்வொரு வசனத்தையும் நான் பின்னாலேயே சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

உங்கள் முகம் எனக்கு ஞாபகமில்லை மச்சி. சைக்கிள் பாரில் இருந்த சிறு பிள்ளையின் பின்னந்தலையும் இரட்டைப் பின்னலும்தான் ஞாபகம். ஆனால் உங்கள் குரல் வேறெங்கும் போகவில்லை. ஒரு கராம்பைக் கடித்தால் வந்துவிடுகிறது. என் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு வைத்திருக்கிறேன்.